பீடிக்கூலி

1983இல் எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வருசம்தான் எனக்கு மூளை கலங்கியது. 'காத்து சேட்டை' என்றது எங்கள் தெரு. 'படிச்சுப் படிச்சு மண்டை சூடேறிப் போச்சு' என்று அம்மா அழுதாள். 'சேரிப்பயலுக்கு எதுக்குடா காலேசு' என்று ஊர்த்தெருவில் சிரித்தார்கள். மந்திரித்துப் பார்த்து, கோயிலில் கட்டிப்போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு அரசு மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை.

மூன்றாம் நாள் ஊசி போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நாக்கு வெளியே தள்ளியது, கண் மேலே செருகியது. பேய்தான் என்று நானே நம்பிவிட்டேன். அப்போது ஒரு கிழவர் வந்து என் தாடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத சாமி. இது நீ இல்ல, ஊசி. எனக்கும் இப்பிடித்தான் இழுத்துச்சு. இன்னொரு ஊசி போடுவாங்க, அரை மணி நேரத்துல விட்டுரும்."

சொல்லிவிட்டு அலுவல் அறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டார். இன்னொரு ஊசி போட்டார்கள், விட்டுவிட்டது. ஊசி போட்ட யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னவர் நோயாளி. அவர் அங்கே வந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோரும் 'தாத்தா' என்போம். வேறு பெயர் எனக்குத் தெரியாது.

அந்த வார்டை நடத்தியது தாத்தாதான். குளிக்க மறுப்பவர்களைக் குளிப்பாட்டுவார். வாய் திறக்காதவர்களுக்குச் சோறு ஊட்டுவார். இரவில் யார் தூங்கவில்லை, யார் கண்ணில் கலவரம் ஏறுகிறது, யார் வேட்டியைக் கிழித்துக் கயிறாக்குகிறான் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். கக்கூஸ் வாளியும் அவர் தலையில்தான். செத்தவனைத் தூக்குவதும் அவர்தான். "நீ எந்தத் தெருடா?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "அப்ப நம்ம புள்ள" என்றார். வார்டில் வாளி தூக்கும் வேலை யார் யாருக்கு விழுந்தது என்பதை அதற்குப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். மூளை கலங்கியபோதும் சாதி கலங்கவில்லை.

இத்தனைக்கும் தாத்தாவுக்குக் கிடைத்த கூலி ஒரு நாளைக்கு அரைக்கட்டு பீடி. அதுவும் கணக்கில் வராத பீடி.

அவர் செய்த வேலைக்கு இன்று உலகத்தின் சில இடங்களில் ஒரு பெயர் இருக்கிறது. பயிற்சி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. மனநோயைத் தாங்கி வந்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள், தங்கள் வயதொத்த நோயாளிகளுக்குத் துணையாக வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். அமெரிக்காவில் 'பியர் ஸ்பெஷலிஸ்ட்' என்கிறார்கள். நான் இங்கே 'சகதுணை' என்று எழுதுகிறேன். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சில வருசங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். உண்மையில் தேடியது தாத்தாவைத்தான்.

தோல் பதனிட்டவர்

மனநல மருத்துவத்தின் வரலாறு என்று எடுத்தால் ஒரு ஓவியம் தவறாமல் வரும். பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் பினெல் நடுவில் நிற்பார். நோயாளியின் சங்கிலியைக் கழற்றுவார்கள். ஒருத்தி அவர் கையை முத்தமிடுவாள். ரோபேர் ஃப்ளெரி 1876இல் வரைந்தது அது. பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நடந்ததாகக் காட்டுகிறது. சங்கிலி உடைத்த மகான் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லப்படுவதும் அவரைத்தான்.

இந்த ஓவியத்தின் மையத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ழான்-பாப்தீஸ்த் புஸ்ஸேன். 1745இல் பிறந்தவர். தொழில் தோல் பதனிடுவது. கழுத்தில் கண்டமாலை வந்து, 1771இல் பாரிசுக்கு அருகில் பிசேத்ர் மருத்துவமனையில் சேர்ந்தார். அது மருத்துவமனை என்ற பெயரில் இருந்த ஒரு பட்டி. பிச்சைக்காரர்கள், அநாதைகள், குற்றவாளிகள், பைத்தியக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாக அடைத்து வைத்த இடம். புஸ்ஸேனுக்குக் குணமாகாது என்று முடிவு கட்டினார்கள். அவர் அங்கேயே தங்கி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, 1780களின் நடுவில் மனநோயாளர் பகுதிக்கே மேற்பார்வையாளர் ஆனார். மனைவி மார்கரித்தும் கூடவே வேலை செய்தார்.

புஸ்ஸேன் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நோயாளியை அடிக்கக் கூடாது என்றார். அடித்த வேலையாளை வெளியேற்றினார். இரண்டாவது, வேலையாட்களைக் கூடியமட்டும் நோயிலிருந்து தேறியவர்களிடமிருந்தே பொறுக்கி எடுத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: இவர்கள் மற்றவர்களைவிட மென்மையானவர்கள், நேர்மையானவர்கள், மனிதத்தன்மை உள்ளவர்கள். சங்கிலியின் கனம் தெரிந்தவன் சங்கிலியை இறுக்க மாட்டான் என்பதுதான் இதன் சாரம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் கிழவிகள் சொல்வதும் இதுவேதான்.

பினெல் அங்கே மருத்துவராக வந்தது 1793இல். அவருக்கு முன்பே அங்கே இது நடந்துகொண்டிருந்தது. 1795இல் பினெல் சால்பெத்ரியேருக்கு மாறிப் போய்விட்டார். பிசேத்ரில் சங்கிலிகள் கழற்றப்பட்டது 1797இல். கழற்றியவர் புஸ்ஸேன். இதில் பினெலைக் குறை சொல்ல முடியாது. தன் நூலில் புஸ்ஸேனிடம் கற்றதை அவர் ஒப்புக்கொண்டே எழுதியிருக்கிறார். 1802இல் அவரைத் தன்னிடத்துக்கே வரவழைத்துக்கொண்டார். புகழை ஒரு டாக்டரின் பெயரில் மட்டும் எழுதியது பின்னால் வந்த வரலாறு. மிஷேல் ஃபூக்கோ 1961இல் வெளியிட்ட நூலில் பினெலின் சங்கிலிக் கதையைப் பிரித்துப் போட்டார். இரும்புச் சங்கிலி போய், குற்றவுணர்வு என்ற சங்கிலி வந்தது என்றார். சரிதான். ஆனால் எனக்கு அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: கழற்றிய கை யாருடையது?

தோல் பதனிடும் தொழில் பிரான்சில் சாதி அல்ல. அதை அப்படியே நம் கதையாக்கிவிடக் கூடாது. இருந்தாலும் முதன்முதலாக அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெரியப்பா தோல்கிடங்கில் முப்பது வருசம் வேலை பார்த்தவர்.

எண்கள் நட்ட காடு

அதற்குப் பிறகு வந்த நூற்றாண்டு பெரிய பெரிய மனநோய் விடுதிகளின் நூற்றாண்டு. 'வேலையே மருந்து' என்றார்கள். நோயாளிகள் வயலில் உழைத்தார்கள், துணி வெளுத்தார்கள், சமைத்தார்கள், தைத்தார்கள், தங்களைவிட முடியாத நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். மருந்து என்பதால் கூலி கிடையாது. விடுதியின் செலவு குறைந்தது. வெட்டி வேலை என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் 1842இல் ஒரு விடுதி திறந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பு நோயாளிகளையும் அங்கே சேர்க்க வேண்டியதாயிற்று. சேர்த்தார்கள், தனிக் கட்டடத்தில். பைத்தியத்திலும் வெள்ளை வேறு, கறுப்பு வேறு. ஒரு காலத்தில் அங்கே 12,000 பேர் வரை இருந்தார்கள். உலகத்திலேயே பெரிய மனநோய் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அங்கே நடந்த அக்கிரமங்களை 1959இல் ஜாக் நெல்சன் என்ற பத்திரிகையாளர் அட்லாண்டா நாளிதழில் வெளிக்கொண்டு வந்தார். மறுவருசம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அங்கே செத்தவர்களை வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். ஏறத்தாழ 25,000 பேர். கல்லறையில் பெயர் கிடையாது. ஒரு சின்ன இரும்புக் கம்பியின் தலையில் எண் மட்டும். பிற்காலத்தில் புல் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தக் கம்பிகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். 25,000 பேர் இருந்த இடம் வெறும் புல்தரை ஆயிற்று.

1973இல் வாஷிங்டனில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சௌடர் வழக்கு என்பார்கள். விடுதிக்குப் பொருளாதாரப் பலன் கொடுக்கும் வேலையை நோயாளி செய்தால், அதைச் சிகிச்சை என்று சொன்னாலும், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்றது தீர்ப்பு. என்ன நடந்தது? பல மருத்துவமனைகள் கூலி கொடுப்பதை விட்டுவிட்டு வேலையையே நிறுத்திவிட்டன. நேற்றுவரை மருந்தாக இருந்த வேலை, கூலி என்றதும் மருந்தாக இல்லாமல் போயிற்று. பண்ணையார் பாசையும் இதுதானே.

எண்ணுக்குப் பெயர் கேட்டவர்கள்

அந்த 1970கள்தான் நோயாளிகள் அமைப்பாகத் திரண்ட காலம். கறுப்பர் போராட்டமும் பெண்கள் போராட்டமும் கொடுத்த சூட்டில் அவர்களும் எழுந்தார்கள். 1845இலேயே இங்கிலாந்தில் ஜான் பெர்சிவல் முதலானோர் ஒரு சங்கம் நடத்தியிருக்கிறார்கள். அது கனவான்களின் சங்கம்; பெர்சிவல் ஒரு பிரதமரின் மகன். இது வேறு. ஜூடி சேம்பர்லின் என்ற பெண் 1966இல் மருத்துவமனையில் அடைபட்டவர். பாஸ்டனில் நோயாளிகள் விடுதலை முன்னணியில் சேர்ந்து வேலை செய்தார். 1978இல் அவர் எழுதிய நூல், நோயாளிகளே நோயாளிகளுக்காக நடத்தும் இடங்களைப் பற்றிப் பேசியது. எங்களுக்கு என்ன வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும் என்பது அவர்கள் வாதம். பட்டறிவுக்கு அறிவு என்ற தகுதி உண்டா என்ற கேள்வி அது. இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு அது புதிய கேள்வியல்ல. நாம் எழுத வந்தபோது நம்மிடம் கேட்கப்பட்டதும் அதுவே.

1997இல் ஜார்ஜியாவின் நோயாளர் அமைப்பினர் மில்லெட்ஜ்வில் புல்தரைக்குப் போனார்கள். பிடுங்கிப் போட்ட இரும்புக் கம்பிகளைத் தேடிச் சேர்த்தார்கள். அவற்றில் 2,000 கம்பிகளை வரிசையாக நட்டு ஒரு நினைவிடம் உண்டாக்கினார்கள். வாயில் கட்டினார்கள். அதே ஆட்கள்தான், அதே காலத்தில்தான், அரசாங்கத்திடம் இன்னொன்றும் கேட்டார்கள்: எங்களில் தேறியவர்களை எங்களுக்குத் துணையாக வையுங்கள், அதற்குச் சம்பளம் கொடுங்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணத்திலிருந்து சகதுணை வேலைக்குக் கொடுக்கும் முதல் மாநிலமாக 1999இல் ஜார்ஜியா ஆனது. 2001இல் அங்கே சான்றிதழ்ப் பயிற்சி தொடங்கியது. 2007 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் கூட்டாட்சி அரசு கடிதம் அனுப்பியது: பயிற்சி, மேற்பார்வை, மற்றச் சிகிச்சையோடு ஒருங்கிணைப்பு, இந்த மூன்றும் இருந்தால் சகதுணைக்குக் காப்பீட்டுப் பணம் கொடுக்கலாம்.

செத்தவனுக்குப் பெயர் கேட்டதும் இருப்பவனுக்குக் கூலி கேட்டதும் ஒரே ஆட்கள் என்பது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே கோரிக்கை. எங்களைக் கணக்கில் எழுது என்பது.

மூத்தவர்கள்

இதில் மூத்தவர்களின் இடம் தனி. 2006இல் அமெரிக்க மாநில மனநலத் துறைத் தலைவர்களின் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொது மருத்துவத்தை நம்பியிருக்கும் கடுமையான மனநோயாளிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 வருசம் முன்பே செத்துப்போகிறார்கள் என்றது. தற்கொலை ஒரு பங்குதான். இதயநோய், சர்க்கரை, பீடி சிகரெட், மாத்திரையால் ஏறும் உடம்பு, 'இது உன் மனப்பிரமை' என்று நெஞ்சுவலியைத் தள்ளிவிடும் டாக்டர் என்று மீதிக் காரணங்கள். அப்படியானால், இந்த நோயோடு எழுபதைத் தொட்டவர் ஏதோ ஒன்றைக் கற்றிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அந்தக் கல்வியைத்தான் வேலையாக மாற்றினார்கள். பென்சில்வேனியாவில் முதிய சகதுணைகளுக்கென்று தனிப் பயிற்சியே உண்டாயிற்று. மாசச்சூசெட்சில் முதியவர்களுக்கு முதிய சகதுணைகள், கையில் டேப்லெட் கருவியோடு, மனநோயையும் உடல்நோயையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் முயற்சி நடந்தது. அதுபற்றிய ஆய்வுகள் 2018லிருந்து வெளிவந்தன.

என்ன வேலை அது? வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போவது. மாத்திரை டப்பாவை இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்து அடுக்குவது. சர்க்கரை மாத்திரை எது, தூக்க மாத்திரை எது என்று கண் மங்கியவருக்குச் சொல்வது. டாக்டரிடம் கூடவே போய், 'இவருக்கு நெஞ்சு வலிக்குது, நம்புங்க' என்று சொல்ல வைப்பது. புருசனோ பெண்டாட்டியோ செத்துப்போன வீட்டில் பேசாமல் கூட உட்கார்ந்திருப்பது. மறுபடி ஆசுபத்திரியில் போட்டுவிடுவார்களோ, முதியோர் விடுதிக்குத் தள்ளிவிடுவார்களோ என்று நடுங்குபவரிடம், 'நானும் அங்க இருந்து வந்தவதான்' என்று சொல்வது. சகதுணை நோயைக் கண்டுபிடிப்பதில்லை, மருந்து எழுதுவதில்லை. அவரிடம் இருக்கும் கருவி அவருடைய கதை. இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர் 'நம்பிக்கை வையுங்கள்' என்றால் எழுபது வயதுக்காரர் சுவரைப் பார்ப்பார். நாற்பது வருசம் அதே மாத்திரையைத் தின்ற எழுபது வயதுக்காரி சொன்னால் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு பெரிய ஓட்டை நெடுநாள் அடைபடாமல் கிடந்தது. மெடிக்கெய்ட் ஏழைகளுக்கு. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கான காப்பீடு மெடிகேர் என்பது வேறு. அது சகதுணைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்காமலே இருந்தது. வயதானவர்களுக்கான காப்பீடே இந்த வேலையைத் தெரியாததுபோல இருந்தது. 2024 ஜனவரியில்தான் மெடிகேரும், கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குச் சகதுணை வழிகாட்டல் என்ற பெயரில் கட்டணம் கொடுக்கத் தொடங்கியது. ஜார்ஜியா தொடங்கி 25 வருசம் கழித்து.

இதையெல்லாம் சொர்க்கம் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். சகதுணைகளின் சம்பளம் மருத்துவத் துறையின் அடிமட்டத்தில் இருக்கிறது. உதவித்தொகை வாங்கும் நோயாளி கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் உதவித்தொகை குறையும், அல்லது நிற்கும். அதற்குப் பயந்தே பலர் பாதி நேர வேலையோடு நின்றுகொள்கிறார்கள். காப்பீட்டுக்குக் கணக்கு எழுதுவது 15 நிமிடத்துக்கு ஒரு அலகு. அழுகிறவருடன் உட்கார்ந்த நேரத்தையும் 15, 15ஆக வெட்டி எழுத வேண்டும். இயக்கமாகக் கிளம்பியவர்கள் குறிப்பேடு எழுதும் கடைநிலை ஊழியர்களாக ஆகிவிட்டார்கள் என்று இயக்கத்துக்குள்ளேயே விமர்சனம் இருக்கிறது. அதை ஒதுக்க முடியாது. ஆனால் கூலியில் குறை சொல்ல, முதலில் கூலி இருக்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு அந்தக் குறை சொல்லும் உரிமையும் கிடையாது.

இங்கே

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். பிசேத்ரில் புஸ்ஸேன் சங்கிலியைக் கழற்றி 204 வருசம் ஆகியிருந்தது.

2017இல் நாடாளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றியது. 2018இல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியில் கட்டுவது எந்த வகையிலும் கூடாது என்கிறது அது. பலர் கவனிக்காத இன்னொன்றும் அதில் இருக்கிறது. 20ஆம் பிரிவு. மனநல நிறுவனத்தில் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலை செய்தால் உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். மறுஆய்வு வாரியங்களிலும் நோயாளிகளோ, பராமரிப்பவர்களோ, அவர்களுக்காக இயங்கும் அமைப்பினரோ உறுப்பினராக இடம் இருக்கிறது. 2014க்கும் 2016க்கும் இடையில் குஜராத்தின் சில அரசு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறையில் ஒரு முயற்சி நடந்தது. அதில் நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை என்பதும் ஒரு பகுதியாக இருந்தது. ஆக, விதை இங்கேயும் விழுந்திருக்கிறது.

தாத்தா இந்தச் சட்டத்தைப் பார்க்கவில்லை. 1980கள் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் மாத்திரை வாங்கப் போன ஒரு நாள் விசாரித்தேன். "அநாதைப் பொணம்னு எழுதி எடுத்துட்டாங்க" என்றார் வார்டு ஊழியர் ஒருவர். இருபத்தைந்து வருசம் ஒரு வார்டைத் தூக்கிச் சுமந்தவர் அநாதை. அவரை யார் தூக்கினார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மாத்திரை இன்னும் தின்கிறேன். போன வருசம் புறநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், அவன் அம்மா. பையனுக்குக் கழுத்து திருகத் தொடங்கியது. அந்தம்மா மாரியாத்தாளைக் கூப்பிட்டு அலறினார். நான் எழுந்துபோய் அவன் தாடையைத் தாங்கிப் பிடித்தேன். "பயப்படாத தம்பி. இது நீ இல்ல, மருந்து. எனக்கும் இழுத்துச்சு." நர்சு வந்து ஊசி போட்டார். அடங்கியது. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார் இங்க வேல பாக்குறீங்களா?" என்றார்.

"இல்லம்மா. நானும் பேசண்டுதான்."

அவர் பையனைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பேசண்டு என்றால் அப்படித்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பையன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு எப்ப சரியாச்சு?" என்றான். டாக்டர் கூப்பிடும்வரை ஒரு மணி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மணி நேரம் வேலை. கருணை அல்ல, சேவை அல்ல, புண்ணியம் அல்ல. நாற்பது வருசம் பட்டுப் படித்த வேலை. ஒவ்வொரு அரசு மனநலப் பிரிவிலும் இந்த வேலையைச் செய்யத் தெரிந்த மூத்த நோயாளிகள் இருக்கிறார்கள். செய்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள், பயிற்சி கொடுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள். எழுதும்போது வாளி தூக்கும் வேலையைப் பழையபடி எங்கள் தெரு ஆளுக்கும், பேசும் வேலையை வேறு ஆளுக்கும் என்று பிரித்துவிடாதீர்கள். 20ஆம் பிரிவு இதற்குக் கதவைத் திறந்திருக்கிறது. உள்ளே போக வேண்டியது நாம்தான்.